புளியமரத்துக்கு மொட்டை

அந்தப் புளியமரத்தை வெட்டச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பியவளே, நான் கயிறும் கோடரியுமாகப் போய் இறங்கியபோது அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி. பேர் வேண்டாம். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம். ஊரில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. சண்டை வந்தால் எல்லோரும் இரண்டும் பேசுவார்கள்.

எனக்கு மரம் பார்க்கிற வேலை. வெட்டுவதும் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். கோடரியின் பின்பக்கத்தால் அடியிலிருந்து தட்டிக்கொண்டே மேலே வருவேன். வைரம் இருக்கிற மரம் கல் மாதிரிச் சத்தம் கொடுக்கும். உள்ளே உளுத்துப்போன மரம் பானை மாதிரி. பட்டைக்குக் கீழே தூள் கொட்டியிருந்தால் வண்டு. மண் பூசியிருந்தால் கரையான். காளான் வந்திருந்தால் அதிகம் தட்ட வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாவது வகுப்பு வரை. இந்த வேலைக்கு அது போதும்.

அவளுடைய புருஷன் மெட்ராஸில் மில் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவள், இரண்டு பிள்ளைகள், ஒரு எருமை. மண்சுவர் வைத்து மேலே ஓடு போட்ட வீடு. அந்த ஓட்டுக்கு மேலே புளியமரத்தின் பெரிய கிளை ஒன்று எருமையைவிடப் பருமனாக நீட்டிக்கொண்டிருந்தது. மரமே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஐப்பசி மழையில் கிளை முறிந்து பிள்ளைகள்மேல் விழும் என்று அவள் பயந்தாள். அதற்காகத்தான் ஆள் அனுப்பினாள். ஆள் என்னை வெதுருகுப்பத்தில் தேடிப் பிடித்து, நான் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவதற்குள் மரம் சாமியாகிவிட்டது.

"இன்னா தங்கச்சி இது?" என்றேன்.

"செருப்ப கழட்டுணா மொதல்ல."

கழற்றினேன்.

ரோட்டைப் பார்த்த பக்கம், ஆள் உயரத்தில், மரத்திலிருந்து ஒரு காளான் புடைத்து வந்திருந்தது. செம்மண் நிறம். எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுப்பு. இரண்டு பக்கமும் காது மாதிரி விரிந்து, நடுவில் ஒரு தண்டு கீழே இறங்கி இடப்பக்கம் வளைந்திருந்தது. பார்த்தால் பிள்ளையார்தான். நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு, உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்தேன்.

"வளருதுணா," என்றாள். "போன வாரம் தும்பிக்கை இம்மாந்தான் இருந்திச்சி. காணிப்பாக்கத்து சாமி வளர மாதிரியே."

காணிப்பாக்கத்தில் பிள்ளையார் வளர்கிறார், பழைய வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குச் சேராது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் வளர்கிற பிள்ளையாரைப் பார்த்து ஒருவரும் சந்தேகப்படவில்லை. வளர்ந்தது உண்மைதான். காளான் வளரும்.

மரத்தைச் சுற்றி வந்தேன். அடியில் முழங்கால் உயரத்துக்குக் கரையான் புற்று. அதற்கு மஞ்சள் துணி கட்டி, முட்டை வைத்து, பால் ஊற்றியிருந்தார்கள். அது நாகாத்தம்மா. பெரிய கிளை பிரிகிற கவட்டையில் ஒரு விரிசல். விரிசலிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்து பட்டைமேல் வழிந்திருந்தது. அதற்கு நேர்கீழே குங்குமம். கங்கம்மா அழுகிறாள் என்றார்கள். எதற்கு அழுகிறாள் என்று கேட்டேன். அதில் இரண்டு கட்சி இருந்தது. ஊர் ஆந்திராவிலேயே இருந்துவிடுமோ என்று அழுவதாகச் சிலர். மெட்ராஸுக்குப் போய்விடுமோ என்று அழுவதாகச் சிலர்.

மரத்துக்கு மூன்று வியாதி. மூன்றுக்கும் பூஜை நடந்தது.

"போன மாசம் வரிக்கும் இதுல பேய் கீதுன்னு ஒரு ஆம்பள இந்தப் பக்கம் ஒதுங்க மாட்டான்," என்றாள் அவள். "இப்ப பாரு, ஏகாம்பரக்குப்பத்துலேந்தெல்லாம் வண்டி கட்டிக்கினு வராங்க."

"தட்டிப் பாக்கலாமா?"

"மெதுவா தட்டு."

தட்டினேன். பானை.

"இன்னா சொல்லுது?"

"மழைக்குத் தாங்காது."

அவள் மேலே பார்த்தாள். கிளைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். வாசலில் அவளுடைய பிள்ளைகள் சாமிக்குப் படைத்த பொரிகடலையைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"எனக்கு சாமியும் இருக்கணும், ஓடும் இருக்கணும். எதுனா வழி சொல்லுணா."

"சாமி உள்ள இருக்கற மரத்தத்தான் துன்னுது."

"சாமிய அப்டி சொல்லாத."

கிராம முன்சீப் அதற்குள் வந்துவிட்டார். பெரிய மனிதர், தெலுங்குக்காரர். அந்த ரோட்டுப் புளியமரங்களின் காய்ப்பை ஏலம் எடுத்திருந்தது அவர் மச்சான். என் கோடரியைப் பார்த்தார்.

"ஏமிரா, சாமிமேலேயே கத்தி வெக்க வந்தியா?"

"இல்லீங்க. பாக்கத்தான்."

"எல்ல முடிவாகாம இது எந்தப் பக்கத்து சாமின்னே தெரியாது. தெரியாத சாமிய வெட்டுனா ரெண்டு கவர்மெண்டும் நம்மள புடிக்கும். போய் சித்தூர்ல கேளு."

சித்தூருக்குப் போனேன். ரோட்டு மரம் என்பதால் முதலில் ஒரு ஆபீஸ். அங்கே, அந்த ஊர் மெட்ராஸ் பக்கம் போனாலும் போகும், இப்போது தொட முடியாது என்றார்கள். அடுத்தது காட்டிலாகா. அங்கே ஒரு ரேஞ்சர், சின்ன வயது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மறுநாளே ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

நன்றாகப் படித்தவர். வேலையும் தெரிந்தவர். எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். வெளியே தெரிகிற காளான் பழம் மாதிரிதானாம். செடி உள்ளே இருக்கிறதாம். நூல் நூலாக மரம் முழுவதும் ஓடியிருக்குமாம். இதைப் பிய்த்துப் போட்டாலும் பிரயோஜனம் இல்லையாம். தினமும் குடம் குடமாக அபிஷேகம் செய்கிறார்களே, அதைத்தான் அது கேட்கிறதாம். உடனே வெட்ட வேண்டும் என்றார்.

பிறகு ஜீப்பிலிருந்து இறங்கினார். கூட்டம் அவருக்கு மாலை போட்டது. மரத்துக்கு இதற்குள் ஒரு பூசாரியும் வந்திருந்தார், அவர் கற்பூரத் தட்டை நீட்டினார். ரேஞ்சர் தும்பிக்கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார்.

திரும்பிப் போகும்போது என்னிடம் தனியாக, "நான் சொன்னதெல்லாம் நிஜம்தான்," என்றார். "ஆனாலும் தும்பிக்கை ரொம்பச் சரியா இருக்கு."

உத்தரவு வரவில்லை.

ஆவணி முடிந்தது. எனக்கு வேறு ஊர்களில் வேலை இருந்தது. ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கவட்டையைப் பார்த்தேன். விரிசலில் முன்பு நகம் நுழையும். இப்போது விரல் நுழைந்தது. அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு பிள்ளைகளையும் எருமைக் கொட்டகையில் படுக்க வைக்க ஆரம்பித்தாள். எருமையை வீட்டுக்குள் கட்டினாள். எருமை செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

"கிளய மட்டும் எடுத்தா போதுமாணா?"

"மேல பாரத்த எல்லாம் எடுக்கணும். தல லேசானா நிக்கும்."

"தலய லேசாக்கணும்," என்றாள். யோசித்தாள். "மொட்ட அடிக்கலாம்."

"இன்னா?"

"மொட்டணா. எம்புள்ளைங்க ரெண்டுத்துக்கும் அடிக்கல? திருப்பதி பெருமாள் பிள்ளையாருக்கு இன்னா ஒறவு? தாய்மாமன். தங்கச்சி புள்ளைக்கு மாமன்கிட்ட மொட்ட போடாம எத்தினி நாளு வெச்சிருப்பாங்க? சாமி சடையும் முடியுமா நிக்கிறாரு. பாக்கறவங்க மாமன இன்னா பேசுவாங்க?"

இதைப் பூசாரியிடம் போய் அப்படியே சொன்னாள். அவர் விரல் விட்டு உறவுமுறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. முன்சீப்பிடம் போனாள். வெட்டக் கூடாது என்றார் அவர். வெட்டு இல்லை, மொட்டை என்றாள். மொட்டைக்கு எந்தக் கவர்மெண்டும் உத்தரவு கேட்பதில்லை என்றாள். அதுவும் சரிதான். மெட்ராஸ் கட்சிக்கும் சம்மதம், ஆந்திரா கட்சிக்கும் சம்மதம். பெருமாளுக்கு முடி கொடுப்பதில் எங்கள் பக்கத்தில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

பூசாரி ஒன்று மட்டும் சொன்னார். முதல் கத்தி திருப்பதி நாவிதர்தான் வைக்க வேண்டும்.

என்னைத்தான் அனுப்பினார்கள். புத்தூரில் ரயில் ஏறித் திருப்பதி போனேன். மலைமேல் முடி இறக்குகிறவர் ஒருவர் அன்று தன் முறை இல்லாததால் கீழே வீட்டில் இருந்தார். வயதானவர். தமிழ் பேசுவார்.

"எத்தன தலை?" என்றார்.

"ஒண்ணு."

"சின்னப் புள்ளையா?"

"இல்ல. பாட்டன் காலத்துது."

"பெரியவரா? இங்க கூட்டினு வர முடியாதா?"

"நடக்க முடியாது."

"எவ்ளோ நாளா?"

"பொறந்ததுலேந்து."

"ஐயோ பாவம்," என்றார். "மாமன் கீறாரா?"

"மலைமேல கீறாரு."

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் மரத்தடியில் நிறுத்தினேன். கூட்டம் இவரைப் பார்த்து 'கோவிந்தா' போட்டது. அவர் பெரியவரைத் தேடினார். நான் கையைக் காட்டினேன். அடியிலிருந்து நுனிவரை நிதானமாகப் பார்த்தார்.

"முடி நெறைய கீது," என்றார்.

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. மலைமேல் வேலை செய்கிறவர்கள் எந்தத் தலையையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் போலிருக்கிறது. பெட்டியைத் திறந்து கத்தியைத் தீட்டினார்.

"மொகம் எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம்."

"தலைய நனைங்க."

என்னைத்தான் சொன்னார். மரத்தில் ஏறி, குடத்தைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்து ஊற்றினேன். ஒரு குடம் போதவில்லை. முடி காய்ந்திருக்கிறது என்றார். உள்ளே காளான், அடியில் கரையான், நான் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். நிறைய மரம் ஏறியிருக்கிறேன். அந்த மாதிரி ஏறியதில்லை.

நனைத்து முடித்ததும் நாவிதர் தொழில் முறைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"முழு மொட்டையா, குடுமி வெச்சா?"

முன்சீப்புக்கு உயிர் வந்தது. "குடுமி, குடுமி," என்றார். "குடுமி இல்லாத எப்டி? காய்க்கிற தலைக்கு கொஞ்சமாவது வுட வேணாமா?" பூசாரியும் தலையில் இருந்த தன் குடுமியைத் தடவிக்கொண்டு ஆமாம் என்றார்.

"குடுமின்னா பின்னாடிதான்," என்றார் நாவிதர்.

முகம் ரோட்டுப் பக்கம். எல்லோரும் மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். மேலே பார்த்தோம். பின்பக்கம் அவளுடைய வீடு. வீட்டுக்கு மேலே அந்தக் கிளை.



"நல்லா கீதுய்யா ஒங்க நாயம்," என்றாள் அவள். "எவன் தலைமேலயும் இல்லாத மயிர எல்லாம் சொரண்டி எடுப்பீங்க. எந்தலைமேல தொங்கறத மட்டும் குடுமின்னு வுட்டுட்டு போவீங்க. முன்சீப்பு வூட்டாண்ட வெச்சிக்கறதுதான குடுமிய?"

"சாமி மொகம் எங்க வூட்டுப் பக்கம் பாத்திருந்தா வெச்சிருப்பேம்மா."

"மொகத்த திருப்ப சொல்லு!"

என்னைப் பார்த்தாள். அவள் போட்ட திட்டம் அவள் கூரைமேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குப் பேசத் தெரியாது. மரத்துக்கு என்ன தேவையோ அதைச் சொன்னேன்.

"குடுமின்னா முட்டு வெக்கணும். வெக்காம நான் மறுபடி ஏற மாட்டேன்."

"குடுமிக்கு எதுக்குய்யா முட்டு?" என்றார் முன்சீப்.

அவள் பிடித்துக்கொண்டாள். "மாமன் மடி வேணாமா? மடியில உக்கார வெக்காத எந்தப் புள்ளைக்கு மொட்ட அடிச்சீங்க? பெருமாளு மலைய வுட்டு எறங்கி வருவாரா? அண்ணன் நடற முட்டுதான் மாமன்."

நாவிதர் தலையை ஆட்டினார். "மடி இல்லாம நான் கத்தி வெக்க மாட்டேன்," என்றார். அதோடு மேலே பார்த்து, "குடுமி இவ்ளோ நீளம் கூடாது. பொம்பள சடை மாதிரி கீது. முடியற அளவுக்கு வுட்டா போதும்," என்றார்.

அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மொட்டை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. காட்டோரம் காய்ந்து கிடந்த ஆச்சா மரம் ஒன்று எனக்குத் தெரியும். இரும்பு மாதிரி. நுனியில் நல்ல கவட்டை. வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சுவரை ஒட்டிக் குழி தோண்டி, கல் போட்டு இறுக்கி நட்டேன். கவட்டையில் சாக்கு மடித்து வைத்துக் கிளையை அதில் உட்கார வைத்தேன். பூசாரி முட்டுக்கு நாமம் போட்டார். ஒரு வேட்டியும் கட்டினார்கள். முன்சீப் துண்டு போர்த்தினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் விருந்துக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

நாவிதர் தாழ்ந்த கொப்பு ஒன்றைப் பிடித்து, ஒரு கொத்து இலையைக் கத்தியால் இறக்கினார். 'கோவிந்தா' எழுந்தது. பிறகு நான் ஏறினேன். நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் கட்டி இறக்கினேன். ஒவ்வொரு துண்டுக்கும் 'கோவிந்தா'. வேலைக்கு அது நல்லதுதான். யாரும் கீழே வந்து நிற்கவில்லை. குடுமிக் கிளையில் நுனிப் பக்கம் பாதியை எடுத்தேன். முன்சீப் அளவைப் பார்த்து முனகினார். இன்னும் சடைதான், குடுமி இல்லை என்று நாவிதர் இன்னும் ஒரு முழம் எடுக்கச் சொன்னார்.

முடிந்ததும் வெட்டிய இடங்களில் சந்தனம் பூச வேண்டும் என்றார்கள். மொட்டைத் தலைக்குச் சந்தனம் உண்டே. நான் வழக்கமாகச் சாணியும் செம்மண்ணும் பூசுவேன். அன்று சந்தனம் பூசினேன். முதலில் வெட்டிய கொத்தை மஞ்சள் துணியில் கட்டி நாவிதரிடம் கொடுத்தார்கள். மலைமேல் முடி போடுகிற இடத்தில் போட்டுவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். போட்டிருப்பார்.

அன்று முதல் அவள் பிள்ளைகளை மறுபடி வீட்டுக்குள் படுக்க வைத்தாள். "மாமன் பாத்துப்பாரு," என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. முட்டு முட்டுதான். மழை முடியும் மட்டும் கொட்டகையிலேயே படுக்கட்டும் என்றேன். எருமைக்கு வீடு பழகிவிட்டது, இப்போதே மாற்றினால்தான் உண்டு என்றாள்.

ஐப்பசியில் அடித்தது. ஒரு மத்தியானம், காற்றும் மழையுமாக. நான் அப்போது கங்காதர நெல்லூரில் ஒரு தோப்பில் இருந்தேன். அங்கே இரண்டு மரம் விழுந்தன. இரண்டும் நான் நல்ல மரம் என்று சொன்னவை. மறுநாள் பஸ் பிடித்துக் கிளம்பினேன். வழியெல்லாம் அந்தக் கவட்டை கண்ணில் நின்றது.

வாசலில் அவள் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். எருமையும் இருந்தது. நான் கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றேன்.

கிளை கவட்டையிலிருந்து பிளந்து வந்திருந்தது. கங்கம்மா அழுத அதே விரிசல். அடிப்பக்கம் பட்டையில் தொங்க, மறுபக்கம் ஆச்சா முட்டின்மேல் சாய்ந்து படுத்திருந்தது. கிளைக்கும் ஓட்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். கை நுழைந்தது. முஷ்டி மடக்கினால் நுழையவில்லை. தெறித்த மரச் சிலும்பு பட்டு இரண்டு ஓடு உடைந்திருந்தது. அவ்வளவுதான்.

"உள்ள இட்லிக்கு ஆட்டிக்கினு இருந்தேன்," என்றாள். "டமார்னிச்சி. புள்ளைங்கள இஸ்துக்கினு ஓடியாந்தேன். பாத்தா, மாமன் மடியில வாங்கிக்கினு நிக்கிறாரு. மாவுகூட சிந்தலணா."

முட்டின் வேட்டி நனைந்து ஒட்டியிருந்தது. நாமம் கரைந்துவிட்டது. பாதி மண்ணில் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் நின்றது. நான் இறுக்கிய கல் ஒன்று வெளியே வந்திருந்தது. அதை மறுபடி உள்ளே தள்ளினேன்.

முன்சீப் வந்து பார்த்தார். மச்சானின் புளி போய்விட்டது. "சாமி குடுமி வேணாம்னுட்டாரு," என்றார். "நாம என்ன பண்றது." கிளையை எடுக்கச் சொல்லிவிட்டார். எந்தக் கவர்மெண்டையும் கேட்கவில்லை. எடுத்தேன்.

மார்கழிக்குள் பிள்ளையாரை வண்டு தின்றுவிட்டது. தொட்டால் பழுப்புத் தூளாகக் கொட்டியது. கொஞ்ச நாள் அதை நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். தூளும் தீர்ந்தது. கூட்டமும் நின்றது. எல்லையும் ஒரு வழியாக முடிவாயிற்று. கோடு வேறெங்கோ போயிற்று. அந்த ஊர் இருந்த பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கட்சியும் சேர்ந்து வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள் என்று அவள் சொன்னாள்.

ஐப்பசி தாண்டாது என்று நான் சொன்ன மரம் நின்றது. பங்குனியில் மொட்டைத் தலை முழுவதும் கட்டையாகத் துளிர்த்தது. உள்ளே ஒன்றும் இல்லாமல் எப்படித் துளிர்க்கிறது என்று ரேஞ்சரைக் கேட்க நினைத்தேன். அவரை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

முட்டுக்கட்டையை எடுக்க வேண்டும் என்று நினைத்துப் போனேன். மேலே கிளை இல்லை. அது ஒன்றையும் தாங்காமல் வீட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் விடவில்லை. கொடி கட்டித் துணி உலர்த்தினாள். அமாவாசைக்கு நாமம் மட்டும் போட்டாள். புருஷன் மெட்ராஸிலிருந்து லீவில் வந்தவன் அதற்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்து கதை கேட்டான் என்றாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போனேன். அவள் கிணற்றடிக்குப் போயிருந்தாள். முட்டுக்கட்டையைத் தட்டிப் பார்த்தேன். இன்னும் நல்ல சத்தம். ஆனால் கவட்டைக்குக் கீழே, நாமத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒன்று புடைத்திருந்தது. செம்மண் நிறம். இன்னும் உருவம் வரவில்லை. காதும் இல்லை, தும்பிக்கையும் இல்லை.

கோடரியைத் திருப்பி, லேசாகத் தட்டினேன். விழுந்தது. காலால் மண்ணில் தள்ளினேன்.

பின்னால் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"பாத்துட்டேன்," என்றாள்.

கோடரியைத் தோளில் மாட்டினேன்.

"வுடுணா. இன்னும் ஒரு சாமி வந்தா அதுக்கு மொட்ட அடிக்க எனக்குத் தெம்பு இல்ல," என்றாள். மண்ணைக் காலால் அவளும் ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மோர் குடிக்கிறியா?"

குடித்தேன்.